ஐம்பத்தாறு என்று எழுதிய ஸ்டிக்கர்

உள்ளே வாருங்கள் அம்மா. தலையைக் கொஞ்சம் குனிந்து வாருங்கள். மாடிப்படிக்கு அடியில் இருக்கிற அறை, முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் இடித்துக்கொள்வார்கள், அப்புறம் என்மேல் கோபப்படுவார்கள். அந்த ஸ்டூலில் உட்காருங்கள். ஃபேன் இதற்குமேல் வேகமாகச் சுற்றாது.

பேட் என்று சொல்லாதீர்கள். ராக்கெட். பெண் டென்னிஸ் ஆடுகிறாள், நீங்களே பேட் என்றால் எப்படி? கொடுங்கள், பார்க்கிறேன். நரம்பு நாலு இடத்தில் தேய்ந்து குழி விழுந்திருக்கிறது. நன்றாக அடிக்கிற பெண்தான். பதிமூன்று வயதா? பரவாயில்லையே.

இந்தச் சீட்டு. நரம்புக்கு நடுவில் மடித்துச் சொருகியிருக்கிறதே, இதை யார் எழுதியது? நீங்களா?

கோச்சா. கோச் பேர் என்ன?

இல்லை, நீங்கள் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரிந்துவிட்டது. நாற்பத்தெட்டு என்று எழுதியிருக்கிறதே, இந்த எட்டைப் பாருங்கள். நீங்களும் நானும் எட்டை ஒரே இழுப்பில் எழுதிவிடுவோம். இவள் ஒரு சின்ன வட்டம் போட்டு அதன் தலையில் இன்னொரு வட்டம் வைப்பாள், லட்டுமேல் லட்டு வைத்த மாதிரி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மதுவந்தி. தாம்பரத்திலா சொல்லிக்கொடுக்கிறாள்? எனக்குத் தெரியாது. பதினோரு வருஷமாக அவள் எங்கே இருக்கிறாள் என்று நான் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களே.

தாம்பரத்தில் ரயிலேறி, சேத்துப்பட்டில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறீர்கள். நடுவில் எத்தனை கடையைத் தாண்டி வந்தீர்கள் தெரியுமா? எல்லாம் கரண்ட் மெஷின். இருபது நிமிஷத்தில் கட்டிக் கையில் கொடுத்துவிடுவான். என்னிடம் நாற்பது ஆகும். இருந்தும் எத்திராஜ் அண்ணனிடம்தான் போக வேண்டும் என்று சொன்னாளா? அதே வார்த்தையா? அண்ணன் என்றா சொன்னாள்?

சரி. இருங்கள். கத்தரியை எங்கே வைத்தேன்.

நான் பேசிக்கொண்டேதான் வேலை செய்வேன். பேசாவிட்டால் கை ஓடாது. ஆளில்லாதபோது சுவரோடு பேசுகிறவன் நான். முப்பது வருஷமாக ராத்திரி வேலை, அதில் வந்த பழக்கம். முதலில் ஒரு கிளப்பில் வாட்ச்மேனாக இருந்தேன். அங்கே நரம்பு கட்டிக்கொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார், இந்த மெஷின் அப்படியே கிடந்தது. எனக்கு ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை கேட்டைப் பார்ப்பதைத் தவிர வேறு ஜோலி கிடையாது. உடைந்த ராக்கெட்டை எடுத்து அவிழ்ப்பேன், கட்டுவேன், மறுபடி அவிழ்ப்பேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய புத்தகக் கடையில் இங்கிலீஷ் டென்னிஸ் பத்திரிகை வாங்கி அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். தானாகக் கற்றுக்கொண்டவனுக்கு ஒரு வியாதி உண்டு அம்மா. தெரியாததே இல்லை என்று நினைப்பான்.

இந்தக் கோலைப் பாருங்கள். இதில் ஒரு குண்டு இருக்கிறது, கோல் நெடுக எண் இருக்கிறது. குண்டை எந்த எண்ணில் வைக்கிறேனோ அத்தனை பவுண்டு இழுப்பு. நரம்பைப் பிடிக்கவிட்டுக் கோலை விட்டால் மெதுவாக இறங்கிப் படுக்கும். படுத்துவிட்டால் சரி. இழுப்பு அதிகமாக இருந்தால் பந்து நினைத்த இடத்தில் விழும், ஆனால் தோள் வலிக்கும். குறைவாக இருந்தால் தோளுக்குச் சுகம், பந்து கொஞ்சம் நீளமாகப் போகும். வித்தை அவ்வளவுதான். கட்டி முடித்ததும் ஒரு சின்ன ஸ்டிக்கரில் எண்ணையும் தேதியையும் எழுதி ராக்கெட்டின் கழுத்தில் ஒட்டுவோம். ஆடுகிறவர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் கையில் எடுப்பார்கள். மருந்து பாட்டில்மேல் இருக்கிற எழுத்தை நம்புகிற மாதிரி. உள்ளே இருப்பதை யார் பார்த்தார்கள்?

மதுவின் ராக்கெட்டை அவள் பதினோரு வயதிலிருந்து நான்தான் கட்டினேன். அவள் அப்பா ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார், அவள் இதோ இந்த ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, "அண்ணா, நான் ஒரு நரம்பு இழுக்கட்டுமா?" என்பாள். அவளுக்கு இருபத்துநாலு வயது ஆனபோதும் அதே கேள்விதான்.

அந்த வருஷம் பெங்களூரில் மகளிர் அணிப் போட்டி. ஆறு நாடு. ஒரு நாளைக்கு ஒரு நாட்டோடு என்று ஐந்து நாள். ஒவ்வொரு நாளும் இரண்டு ஒற்றையர் ஆட்டம், ஒரு இரட்டையர் ஆட்டம், மூன்றில் இரண்டை ஜெயித்தால் அந்த நாள் நம்முடையது. முதலில் வருகிற அணி மேல் பிரிவுக்குப் போகும். நம் பெண்கள் மேலே போய் ரொம்ப வருஷம் ஆகியிருந்தது.

மது அதற்குமுன் நாலு வருஷம் அணியில் இருந்தாள். இருந்தாள் என்றால், உட்கார்ந்திருந்தாள். ரிசர்வ். தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பாள், துண்டு கொடுப்பாள், எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டுவாள். அந்த வருஷம்தான் முதல் தடவை ஒற்றையர் ஆட இடம் கிடைத்தது. கேப்டன் ரோமா மேடம் வடக்கத்திக்காரர், பழைய ஆட்டக்காரி, கறாரான ஆள். "இந்த அஞ்சு நாள் பார்க்கிறேன். ஆடினா இந்த இடம் உன்னுது. இல்லேன்னா இதுதான் கடைசி" என்று சொல்லிவிட்டார். இதை மதுவே என்னிடம் சொன்னாள், சிரித்துக்கொண்டு.

நான்தான் கட்ட வேண்டும் என்று அவள் அடம்பிடித்ததால் என்னையும் அழைத்துப்போனார்கள். இந்த மெஷினை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்திருந்தேன். அதுவரைக்கும் வேலூரைத் தாண்டியதில்லை நான். இந்தியா என்று முதுகில் எழுதின டி-ஷர்ட் ஒன்று எனக்கும் கொடுத்தார்கள். ராத்திரி அதைப் போட்டுக்கொண்டே தூங்கினேன். சிரிக்காதீர்கள்.

அங்கே போனால், மைதானத்துக்காரர்கள் ஏற்பாடு செய்த இரண்டு பெங்களூர் பையன்கள், பச்சை பனியன், புது கரண்ட் மெஷின். அவர்களிடம் ஒரு சின்னக் கருவி இருந்தது. நரம்பின்மேல் வைத்து அழுத்தினால் எத்தனை பவுண்டில் கட்டியிருக்கிறது என்று காட்டும். எந்த ராக்கெட் வந்தாலும் முதலில் அதை வைத்து அளந்து, ஒரு தாளில் எழுதி, அப்புறம்தான் பழைய நரம்பை வெட்டுவார்கள். "ஏம்ப்பா, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரி ஒவ்வொண்ணையும் தட்டிப் பார்க்கிறீங்களே" என்று கேட்டேன். அவர்களுக்குத் தமிழ் புரியும். "அண்ணா, இது ரூல்" என்றார்கள். மரியாதையான பையன்கள்தான்.

இரண்டாவது நாளே நம் பெண்கள் எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். சீக்கிரம் முடிகிறது, சரியாக இருக்கிறது என்று. எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. மது மட்டும் என்னிடம்தான். முதல் நாள் ஜெயித்தாள். இரண்டாம் நாள், மூன்றாம் நாள், ஜெயித்தாள். ஒவ்வொரு தடவையும் கை குலுக்கிவிட்டு வேலி ஓரமாக வந்து மேலே பார்ப்பாள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். ராக்கெட்டைத் தூக்கிக் காட்டுவாள். இத்தனை பேர் முன்னால். நான் கட்டைவிரலைக் காட்டுவேன். எங்களுக்குள் அது ஒரு வழக்கமாகிவிட்டது.

நாலாம் நாள் காலையில் அவள் பையில் ஒரு ராக்கெட்டின் கழுத்தில் பச்சை ஸ்டிக்கர் இருந்தது. பையன்களுடைய ஸ்டிக்கர். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு. எப்படி இருக்குன்னு பார்க்கலாம்னு. தப்பா எடுத்துக்காதீங்க."

"இதுல என்னம்மா தப்பு" என்றேன்.

அன்றைக்கும் ஜெயித்தாள். பச்சை ஸ்டிக்கர் ராக்கெட்டில். ஆட்டத்தின் கடைசியில் அதில் நரம்பு அறுந்துவிட்டது. அறுந்தபோது நான்... சரி விடுங்கள். எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை என்றுதான் சொல்ல வந்தேன்.

நெடுக்கு நரம்பு பாதி ஆகிவிட்டது, பார்த்தீர்களா? மொத்தம் பதினாறு நெடுக்கு, பத்தொன்பது குறுக்கு.

நாலாம் நாள் சாயங்காலம் மது மற்ற மூன்று ராக்கெட்டையும் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். மறுநாள் தாய்லாந்தோடு கடைசி ஆட்டம். அவர்களும் நாலு ஜெயம், நாமும் நாலு ஜெயம். ஜெயிக்கிறவர்கள் மேலே போகலாம். ஸ்டோர் ரூமில்தான் எனக்கு இடம் கொடுத்திருந்தார்கள். வந்தவள் உட்கார்ந்து, அவிழ்ந்திருந்த முடியை இடது கையால் சேர்த்துப் பிடித்து, ரப்பர் பேண்டைப் பல்லில் கடித்து, ஒற்றைக் கையாலேயே கட்டப் பார்த்தாள். முடியவில்லை. வலது கை மடியிலேயே கிடந்தது. பதிமூன்று வருஷம் பார்த்த பெண், எனக்குத் தெரியாதா?

"தோளா?" என்றேன்.

"கேப்டன்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணா. நாளைக்கு ஒரு நாள்தான். ஐஸ் வச்சா சரியாயிடும்."

"சொல்லல."

"மூணுலயும் ஐம்பத்தாறு போடுங்க."

"ஐம்பத்தாறா? மெட்ராஸ்ல ஐம்பத்துமூணுக்கு மேல போனதில்லையே நீ. அதுவும் இந்தத் தோளை வச்சிக்கிட்டு."

"இங்க பந்து பறக்குது அண்ணா. போடுங்க."

"பந்து பறக்கலம்மா, உன் மனசு பறக்குது" என்றேன். சிரித்தாள். எழுந்து போகும்போது கதவைத் தோளால் தள்ளித் திறக்கிறவள், அன்றைக்குக் காலால் தள்ளினாள்.

அப்புறம் நான் செய்தது இது. குண்டை ஐம்பதில் வைத்தேன்.

ஐம்பத்தாறு இல்லை. ஐம்பது. சின்ன வித்தியாசம் இல்லை அம்மா, ஆறு பவுண்டு. அவள் தோளுக்காகத்தான் செய்தேன். சாமி சத்தியமாக அவள் தோளுக்காகத்தான். ஐம்பத்தாறில் இரண்டு மணி நேரம் ஆடினால் கையைத் தூக்கவே முடியாது, ஐம்பதில் ஆடினால் பந்து தானாகப் போகும், அவள் பாட்டுக்கு ஆடுவாள், வலிக்காது, ஜெயிப்பாள், அப்புறம் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கரண்ட் மெஷினுக்கு இதெல்லாம் தெரியுமா? அதற்கு அவள் முடி கட்டினது தெரியுமா? ஆளைப் பார்த்துக் கட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டாமா? ஆமாம், இதையும் நினைத்தேன். அந்தப் பச்சை ஸ்டிக்கரையும் நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

மூன்று ராக்கெட்டுக்கு நூற்றைந்து நரம்பு. நூற்றைந்து தடவை இந்தக் கோல் என் கண் முன்னால் இறங்கிப் படுத்தது. எந்தத் தடவை வேண்டுமானாலும் நான் குண்டை நகர்த்தியிருக்கலாம். கடைசியில் மூன்று ஸ்டிக்கரில் ஐம்பத்தாறு என்று எழுதினேன். என் எழுத்து நன்றாக இருக்கும். அன்றைக்கு இன்னும் நன்றாக எழுதினேன்.

மறுநாள் முதல் ஒற்றையரை நாம் ஜெயித்துவிட்டோம். மது ஜெயித்தால் முடிந்தது, இரட்டையர் ஆட வேண்டிய தேவையே இல்லை. அவள் கோர்ட்டுக்கு வந்து பையைத் திறந்து முதல் ராக்கெட்டை எடுத்தாள். உள்ளங்கையின் அடியில் நரம்பை ஒரு தட்டு தட்டிக் காதருகே கொண்டுபோனாள். எல்லோரும் செய்வதுதான். இரண்டாவதை எடுத்துத் தட்டினாள். மூன்றாவதையும். அப்புறம் மேலே பார்த்தாள், நான் உட்கார்ந்திருந்த கடைசி வரிசையை.

நான் கட்டைவிரலைக் காட்டினேன்.

அவள் ஒன்றும் காட்டவில்லை. தூரத்தில் முகம் சரியாகத் தெரியவில்லை. வெயில் கண்ணில் அடித்திருக்கும் என்று நினைத்தேன்.

முதல் செட் ஜெயித்தாள், ஆறு நாலு. அவள் ஆட்டம் அப்படி. ஆனால் பந்து போய்க்கொண்டே இருந்தது. பின்கோட்டுக்கு நாலு விரல் தள்ளி விழும். அவுட். அடுத்தது, மூன்று விரல். அவுட். அழகாக அடிப்பாள், கூட்டம் கைதட்டக் கையைத் தூக்கும், அதற்குள் அவுட் என்று ஒரு சத்தம். நான் எண்ண ஆரம்பித்தேன். இரண்டாவது செட் போய்விட்டது. மூன்றாவது செட் நடுவில், இடம் மாறும்போது, ரிசர்வ் பெண் ஷெஃபாலி ஒரு ராக்கெட்டை எடுத்துக்கொண்டு படியேறி என்னிடம் ஓடி வந்தாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் வராது. யாரோ சொல்லிக்கொடுத்த வார்த்தையை அப்படியே கொண்டுவந்தாள். "அண்ணா, அம்பத்தாறு. சொன்னது அம்பத்தாறு."

கவனியுங்கள், என்னிடம் அனுப்பினாள். பையன்கள் கோர்ட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள், இருபது நிமிஷத்தில் முடித்துக் கையில் கொடுத்திருப்பார்கள். அத்தனை அவசரத்திலும் அவள் என்னிடம்தான் அனுப்பினாள். அதை நினைத்து நான் ரொம்ப நாள் பெருமைப்பட்டேன் அம்மா. உலகமே கரண்ட் மெஷின் என்றாலும், கஷ்டம் என்று வந்தால் எத்திராஜ் அண்ணன்தான் என்று.

ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன். நான் கட்டின நரம்பை நானே வெட்டினேன். குண்டை ஐம்பத்தாறில் வைத்தேன். நரம்பு இரண்டு தடவை நழுவியது, நாற்பது நிமிஷ வேலையை முப்பத்திரண்டில் முடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கோர்ட் வாசலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவள் வலைக்குப் பக்கத்தில் நின்று அந்தத் தாய்லாந்துப் பெண்ணுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தாள். இடது கையால் கொடுத்தாள். ஐந்து ஏழு. நான் எண்ணினவரைக்கும் முப்பத்தொரு அவுட்.

இரட்டையரும் தோற்றோம். போயிற்று.

அணி உட்காருகிற அறைக்கு ராக்கெட்டைக் கொடுக்கப் போனேன். கதவு திறந்திருந்தது. ரோமா மேடம் இந்தியும் இங்கிலீஷுமாகப் பேசிக்கொண்டிருந்தார், எனக்குப் புரிகிற அளவுக்குப் புரிந்தது. "பெரிய நாள் வந்தா கை நடுங்குது இந்தப் பெண்ணுக்கு. நாலு நாள் ஆடி என்ன? பயந்தவளை நம்பி நான் டீம் போட முடியாது." மது சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். தோளைப் பற்றி அவளும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். புதிதாகக் கட்டின ராக்கெட் என் கையில் இருக்கிறது. நிஜமான ஐம்பத்தாறு. மேடம், பயம் இல்லை, நரம்பு, நான் செய்தது என்று சொல்ல இரண்டு நிமிஷம்கூட ஆகாது. அரைகுறை இந்தியில் சொன்னால்கூடப் போதும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மேடம், டீ கொண்டுவரச் சொல்லட்டுமா?"

இதைத்தான் நான் சுவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பதினோரு வருஷமாக. அந்த டீயை.

சாயங்காலம் மெஷினைக் கட்டி மூட்டையாக்கும்போது பெங்களூர்ப் பையன்களில் ஒருவன் கயிறு பிடித்துக் கொடுத்தான். பேச்சுவாக்கில், "இங்க வந்தா எல்லாரும் ரெண்டு மூணு பவுண்டு ஏத்திக் கட்டுவாங்க அண்ணா, மூவாயிரம் அடி உயரம் இல்லையா, காத்து லேசு, பந்து பறக்கும்" என்றான். எனக்குத் தெரியாது அம்மா. அகராதி வைத்து அத்தனை பத்திரிகை படித்தவனுக்கு இது தெரியாது. சம்பளத்துக்குக் கட்டுகிற பையனுக்குத் தெரிகிறது. அவளுக்குத் தெரிந்திருந்தது. இங்க பந்து பறக்குது அண்ணா என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். நான் ஜோக் அடித்தேன்.

அவள் தோளைப் பற்றி நான் கேப்டனிடம் சொல்லியிருந்தால் வேறு யாராவது ஆடியிருப்பார்கள், அவளுக்கு ஒரு நாள் போயிருக்கும், அவ்வளவுதான். சொன்னபடி கட்டியிருந்தால் வலியோடு ஜெயித்திருப்பாள். நான் இரண்டையும் செய்யாமல் நடுவில் ஒன்றைச் செய்தேன்.

மறுநாள் காலை ஆட்டோவுக்கு நின்றேன். மது வந்தாள். "மெஷின் கனம், பார்த்துத் தூக்குங்க அண்ணா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அவள் பை திறந்திருந்தது. ராக்கெட்டுகளின் கழுத்தில் என் ஸ்டிக்கர் ஒன்றுகூட இல்லை. வெயிலில் பசை விட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவளை அணியில் எடுக்கவில்லை. பேப்பரில் நாலு வரி போட்டார்கள், நெருக்கடியில் தடுமாறினார் என்று. அவளும் என்னிடம் வரவில்லை. நானும் போகவில்லை. அவள் வராதது எனக்கு நிம்மதியாக இருந்தது, நிஜத்தைச் சொல்கிறேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் பகலில் தூங்கினேன்.

என்ன அம்மா? கீழே விழுந்துவிட்டதா? ஃபேன் காற்று. அந்தச் சீட்டுதான், எடுங்கள். மடிப்புக்குள்ளே இன்னும் ஏதோ எழுதியிருக்கிறதா? நான் நாற்பத்தெட்டை மட்டும்தான் பார்த்தேன். என் கண்ணாடி அங்கே... வேண்டாம், நீங்களே படியுங்கள்.

மறுபடி படியுங்கள்.

'ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம் அண்ணா.'

வேறு கடைக்குக் கொடுத்தனுப்பும்போதும் இப்படி எழுதுவாளா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். எழுதமாட்டாளா. ஸ்டிக்கர் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவாளா.

அப்படியானால் தெரியும். முதல் தட்டின் சத்தத்திலேயே தெரிந்திருக்கிறது. மூன்றையும் தட்டிப் பார்த்துவிட்டு மேலே பார்த்தாளே, வெயில் இல்லை அம்மா அது.

இருங்கள். குறுக்கு நரம்பு பின்னும்போது கையை நிறுத்தக் கூடாது. இன்றைக்கு நின்றுவிட்டது. ஒரு நிமிஷம்.

பையன்களிடம் அனுப்பியிருந்தால் அந்தக் கருவியை வைத்து அழுத்தியிருப்பார்கள். ஐம்பது என்று காட்டியிருக்கும். ஸ்டிக்கரில் ஐம்பத்தாறு. தாளில் எழுதியிருப்பார்கள், தாள் கேப்டனிடம் போயிருக்கும். அவள்மேல் ஒரு பேச்சும் வந்திருக்காது. நான்தான் அந்த டி-ஷர்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். அதனால்தான் நாற்பது நிமிஷம் ஆகும் என்று தெரிந்தும் என்னிடம் அனுப்பியிருக்கிறாள். ஸ்டிக்கரையும் அவள்தான் கிழித்திருக்கிறாள். நான் அதைப் போய்ப் பெருமை என்று நினைத்து... பதினோரு வருஷம் அம்மா.

ஷெஃபாலி வந்து சொன்னாளே, சொன்னது அம்பத்தாறு என்று. அப்போதாவது ஏன் அண்ணா என்று கேட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம். அவள் அப்பாவிடம் சொல்லியிருந்தால் அந்த மனிதர் ஸ்கூட்டரில் வந்து என் சட்டையைப் பிடித்திருப்பார், எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

நாற்பத்தெட்டு. உங்கள் பெண்ணுக்கு நாற்பத்தெட்டு கேட்டிருக்கிறாள். பதிமூன்று வயசுத் தோளுக்கு நாற்பத்தாறு போதும் என்றுதான் எனக்கு இப்போதும் தோன்றுகிறது. பார்த்தீர்களா, இந்த வியாதி போகாது. உங்கள் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை.

ஸ்டூலை இப்படி இழுத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள். குண்டு எங்கே நிற்கிறது, படியுங்கள். சத்தமாகப் படியுங்கள் அம்மா, வெட்கப்படாதீர்கள். நாற்பத்தெட்டு. அடுத்ததற்கும் படியுங்கள். ஒவ்வொரு நரம்புக்கும் படியுங்கள், இன்னும் ஏழெட்டுதான் இருக்கிறது. உங்களுக்கு எட்டரை வண்டி கிடைத்துவிடும்.

நாற்பத்தெட்டு. ஆமாம். நாற்பத்தெட்டு.

முடிந்தது. இந்தாருங்கள். ஸ்டிக்கர் ஒட்டவில்லை, பாருங்கள், அவள் சொன்னபடி.

காசை உள்ளே வையுங்கள். ஒரு நிமிஷம் நில்லுங்கள், இன்னொன்று இருக்கிறது. அந்த டப்பாவில் ஸ்டிக்கர் தாள் இருக்கும், எடுத்துக் கொடுங்கள். பேனா இங்கே இருக்கிறது. தேதி எனக்கு மறக்கவில்லை, பதினோரு வருஷத்துக்கு முந்தைய தேதி, அதைத்தான் எழுதுகிறேன். மதுவந்தி. மூன்று ராக்கெட். ஐம்பது. கீழே என் பேர், எத்திராஜ். எழுத்து கோணல்மாணலாக வருகிறது. அன்றைக்கு எவ்வளவு அழகாக எழுதினேன்.

இதை எதிலும் ஒட்ட வேண்டாம். அவள் கையில் கொடுங்கள். நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டாம், அவளுக்குப் புரியும். ராக்கெட்டையும் கொடுங்கள். வாங்கினதும் உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டிக் காதருகே வைப்பாள். அப்போது அவள் முகத்தைப் பாருங்கள். எப்படி இருந்தது என்று எனக்கு வந்து சொல்ல வேண்டாம்.

நரம்பு தேய்ந்தால் மறுபடி வருவீர்கள் இல்லையா. அப்போது சொன்னால் போதும்.

தலை, தலை. குனிந்து போங்கள் அம்மா.